ஆக்ஸ்ஃபோர்டு வரலாற்றுப் படிப்புக்கு வேலூரிலேயே பழகிக்கொள்வது எப்படி

வேலூர்ப் புரட்சியைப் பற்றிக் கேட்டால் நம் ஊர்ப் பத்தாம் வகுப்புப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு எழுதும். காரணங்கள், நிகழ்வுகள், விளைவுகள். தலைப்புக்கு அடிக்கோடு, பாயிண்டுக்கு ஒரு மார்க். பிளஸ் டூ வரை அதற்குத்தான் மார்க், அதனால் அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு மாதிரி இடத்தில் பி.ஏ. வரலாறு சேர்ந்தால் முதல் வாரத்திலேயே இந்த முறை கைகொடுக்காது. அங்கே 'காரணங்களைக் கூறுக' என்று கேட்க மாட்டார்கள். '1806 எழுச்சிக்குத் தலைப்பாகை எந்த அளவுக்குக் காரணம்?' என்கிற மாதிரிதான் கேள்வி வரும். அந்த 'எந்த அளவுக்கு' என்பதைத் தொடாமல் பதினைந்து காரணங்களை அடுக்கினால், ஆசிரியர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'சரி, இதில் எது இல்லாவிட்டால் இது நடந்திருக்காது?' என்று ஒரே கேள்வி கேட்பார். அதோடு தீர்ந்தது.

இதை அங்கே போய்ப் பழகிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நேரம் இருக்காது. படிப்பு மூன்று ஆண்டு. ஆண்டுக்கு மைக்கேல்மஸ், ஹிலரி, டிரினிட்டி என்று மூன்று பருவம். ஒவ்வொன்றும் 8 வாரம்தான். ஆக, பாடம் நடப்பது ஆண்டுக்கு 24 வாரம். அந்த 8 வாரத்துக்குள் ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு கட்டுரை, சில வாரங்களில் இரண்டு. விரிவுரைகள் உண்டு, ஆனால் படிப்பின் முதுகெலும்பு டுடோரியல்தான்: ஒரு ஆசிரியர், எதிரில் ஒன்று முதல் மூன்று மாணவர்கள், ஒரு மணி நேரம், நீங்கள் எழுதிய கட்டுரை மேசை மேல். கடைசி பெஞ்சு என்பதே கிடையாது.

மதிப்பெண் விஷயத்தையும் இப்போதே சொல்லிவிடலாம். நம் வீட்டில் 70 என்றால் முகம் சுருங்கும். அங்கே 70 என்பது முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை வாங்கினால் இரண்டாம் வகுப்பின் மேல் பிரிவு, நல்ல மதிப்பெண்தான். முதல் கட்டுரைக்கு 62 வந்ததும் வீட்டுக்கு ஃபோன் போட்டு அழ வேண்டியதில்லை. முதலாண்டு முடிவில் வரும் பிரிலிம்ஸ் தேர்வில் தேறியே ஆக வேண்டும், ஆனால் அந்த மதிப்பெண் பட்டத்தின் வகுப்பைத் தீர்மானிப்பதில்லை. பருவத் தொடக்கத்தில் 'கலெக்‌ஷன்ஸ்' என்று ஒரு தேர்வு வைப்பார்கள். விடுமுறையில் புத்தகத்தைத் திறந்தீர்களா என்று கல்லூரி பார்த்துக்கொள்வதற்காக.

வாசிப்புப் பட்டியலைச் சமாளிப்பது

கேள்வியோடு ஒரு வாசிப்புப் பட்டியலும் வரும். எட்டு முதல் பதினைந்து நூல்கள், கட்டுரைகள் இருக்கும். இதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க உட்கார்ந்தவர்கள் மூன்றாம் நாளில் இரண்டாவது புத்தகத்தின் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். பட்டியல் தருகிறவரும் எல்லாவற்றையும் அப்படிப் படிப்பீர்கள் என்று எதிர்பார்ப்பதில்லை. முதலில் பட்டியலில் ஆகப் புதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுங்கள். அதன் முதல் நான்கைந்து பக்கத்தில் 'இதுவரை இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார், நான் சொல்வது இது' என்று முழுச் சண்டையும் கிடைக்கும். யார் யாரோடு மோதுகிறார்கள் என்று தெரிந்த பிறகு பழைய நூல்களுக்குப் போனால் எந்த அத்தியாயம் தேவை என்பது தானே தெரியும். நூலென்றால் முன்னுரை, முடிவுரை, பொருளடக்கம், பின்னால் இருக்கும் சொல்லடைவு. பிறகு தேவையான ஓர் அத்தியாயம். ஆய்வுக் கட்டுரைக்கு முதல் சுற்றில் நாற்பது நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

குறிப்பெடுப்பதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். பத்தி பத்தியாகப் பார்த்து எழுதினால் கை வலிக்கும், மூளையில் ஒன்றும் தங்காது. போதாததற்கு, எது ஆசிரியரின் வாக்கியம், எது உங்கள் வாக்கியம் என்பது இரண்டு வாரத்தில் மறந்துபோய்த் திருட்டுக் குற்றச்சாட்டில் போய் நிற்கும். ஒரு நூலுக்கு ஒரு பக்கம் போதும். மேலே ஆசிரியர், ஆண்டு. அடுத்து அவர் வாதம், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உங்கள் சொல்லில் ஒரே வாக்கியமாக. அதற்குக் கீழே அவர் காட்டும் சான்றுகளில் வலுவான மூன்று, கட்டாயம் பக்க எண்ணோடு. கடைசியாக, அவர் யாரை மறுக்கிறார், உங்களுக்கு எங்கே சந்தேகம். சொல்லுக்குச் சொல் எடுத்தால் அந்த இடத்திலேயே மேற்கோள் குறி போட்டுவிடுங்கள். 'அப்புறம் போட்டுக்கலாம்' என்பது நடக்காது. வாதத்தைத் தமிழில் எழுதி வைத்தாலும் தவறில்லை. தமிழில் தெளிவாகச் சொல்ல வராத வாதம் ஆங்கிலத்திலும் தெளியாது.

போட்லியன் நூலகம் புத்தகத்தை வெளியே தராது, அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். 1645-இல் மன்னர் முதலாம் சார்லஸ் ஆளனுப்பிக் கேட்டபோதே முடியாது என்றுவிட்டவர்கள். வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ராட்கிளிஃப் கேமரா என்ற வட்டக் கட்டடத்தில் இருக்கும். கையில் எடுத்துப்போக வேண்டுமானால் அங்கேயே உள்ள வரலாற்றுத் துறை நூலகத்தின் இரவல் தொகுப்பு, இல்லையென்றால் உங்கள் கல்லூரி நூலகம். ஆனால் ஒரே கட்டுரையை எழுதும் பத்துப் பேரும் அதே புத்தகத்தைத் தேடுவார்கள் என்பதால், கேள்வி கைக்கு வந்த அன்றே போய் எடுத்துவிட வேண்டும்.

1806: ஒரு கட்டுரையைக் கட்டிப் பார்ப்போம்

பயிற்சிக்குக் கோட்டையே போதும். கதையின் எலும்புக்கூடு எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1805 நவம்பரில் சென்னைப் படையில் புது உத்தரவு: சீருடையில் நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புதுத் தலைப்பாகையில் தோலால் ஆன அணி. 1806 மே மாதம் வேலூரில் ஒரு படைப்பிரிவு தலைப்பாகையை மறுத்தது, தண்டனை விழுந்தது. ஜூலை 9 அன்று கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம். 10-ஆம் தேதி விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள். 69-ஆம் ரெஜிமென்ட்டின் ஐரோப்பியர் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். தளபதி ஃபேன்கோர்ட்டும் மாண்டார். மைசூர்க் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கினார். திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். கவர்னர் பெண்டிங்கும் தலைமைத் தளபதி கிராடக்கும் 1807-இல் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

இதை அப்படியே எழுதினால் அது கதை. கட்டுரை ஆக வேண்டுமானால் இதில் எந்த இடத்தில் உறுத்தல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓர் உறுத்தலைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். மே மாதம் தலைப்பாகையை மறுத்தவர்கள் 4-ஆம் ரெஜிமென்ட்டின் ஒரு பட்டாளத்தார். அவர்களை வேலூரிலிருந்து மாற்றிவிட்டார்கள். ஜூலையில் எழுந்தவர்கள் 1-ஆம், 23-ஆம் ரெஜிமென்ட்களைச் சேர்ந்தவர்கள். அப்படியானால் தலைப்பாகைக் குறை ஒரு பட்டாளத்தின் தனிக் கோபமாக இருந்திருக்க முடியாது. பட்டாளம் மாறியும் கோபம் கோட்டையை விட்டுப் போகவில்லை. இதை இரண்டு பக்கமும் இழுக்கலாம். உத்தரவு சென்னைப் படை முழுவதையும் உறுத்தியது, ஆகவே தலைப்பாகைதான் அடிப்படை என்று ஒருவர் வாதிடலாம். உத்தரவு எல்லா ஊருக்கும் பொதுவாக இருந்தும் கோட்டை ஒன்று கைப்பற்றப்பட்டது வேலூரில் மட்டுமே, ஆகவே வேலூரில் மட்டும் இருந்தது எது என்று தேடினால் திப்புவின் குடும்பம்தான் கிடைக்கிறது என்று இன்னொருவர் திருப்பலாம். விசாரணைக் குழு இந்த இரண்டையுமே காரணமாகச் சொன்னது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். கடைசியில் சொல்லலாம் என்று ஒளித்து வைப்பது துப்பறியும் கதைக்குச் சரி.

அடுத்தது சான்றுகள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி. பெண்டிங்கும் கிராடக்கும் எழுதிய கடிதங்கள் ஏராளம். ஆனால் இருவரும் பதவி போகும் பயத்தில், போன கோபத்தில் எழுதியவர்கள்; பழி மற்றவர் மேல் விழ வேண்டும் என்பது இருவருக்கும் தேவை. ஃபேன்கோர்ட்டின் மனைவி பிள்ளைகளோடு ஒளிந்து தப்பி, பிறகு எழுதிய நேரடிக் குறிப்பு ஒன்று இருக்கிறது. அன்றிரவு கோட்டைக்குள் இருந்தவர் என்பதால் மதிப்பு மிக்கது. ஒரு வீட்டுக்குள் அடைந்து கிடந்தவருக்குச் சிப்பாய்கள் ஏன் எழுந்தார்கள் என்று எப்படித் தெரியும் என்ற அளவில் எல்லை உள்ளது. முஸ்தபா பேக் என்ற சிப்பாய் ஜூன் மாதமே சதி நடக்கிறது என்று எச்சரித்தார். அப்போது நம்பாமல் அடைத்து வைத்தார்கள், பிறகு பரிசு கொடுத்தார்கள். முன்கூட்டியே திட்டம் இருந்தது என்பதற்கு அவர் சாட்சி முக்கியம். பரிசு வாங்கிய சாட்சி என்பதையும் கூடவே எழுத வேண்டும். 1807, 1808-இல் லண்டனில் வெளியான துண்டுநூல்களில் சில, கிறித்துவ மிஷனரிகளால்தான் இது வந்தது என்றன. இந்தியாவுக்குள் மிஷனரிகளை விடுவதா வேண்டாமா என்று அங்கே நடந்த சண்டைக்கு வேலூரை ஆயுதமாக எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

எண்கள் வரும் இடத்தில் நின்று பாருங்கள். மே மாதம் இருவருக்குக் கொடுத்த கசையடி 90 என்று சில நூல்களில் இருக்கும், 900 என்று வேறு சிலவற்றில். ஒரு பூஜ்யம் எங்கோ விழுந்திருக்கிறது அல்லது எங்கோ ஏறியிருக்கிறது. எந்த நூல் யாரைப் பார்த்து எழுதியது என்று அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால் பெரும்பாலும் ஒரே ஊற்றில் போய் நிற்கும். இறந்த ஐரோப்பியர் கணக்கு பதவி வாரியாகக் கிடைக்கிறது. இறந்த சிப்பாய்கள் கணக்கோ 350 என்றும், அதற்கு இரு மடங்குக்கு மேல் என்றும் நூலுக்கு நூல் மாறுகிறது. இரண்டு எண்ணில் எது சரி என்று தீர்ப்புச் சொல்வதைவிட, ஏன் ஒரு பக்கத்துக்குப் பெயர்ப்பட்டியலும் மறுபக்கத்துக்குத் தோராயமும் இருக்கிறது என்று இரண்டு வரி எழுதினால் ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

'முதல் இந்திய விடுதலைப் போர்' என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். மக்கான் சந்திப்பில் இருக்கும் நினைவுத் தூணைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சொல் இயல்பாக வரும். கட்டுரையில் அதைத் தீர்ப்பாக எழுதாமல் ஆராய வேண்டிய கருத்தாக எழுதுங்கள். 1857-க்கு அரை நூற்றாண்டு முன் நடந்தது என்பது உண்மை. எழுந்தவர்கள் ஏற்றியது மைசூர்க் கொடி என்பதும் உண்மை. விடுதலை என்று அவர்கள் எதை நினைத்தார்கள்? மைசூர் அரசு திரும்புவதையா, கம்பெனி போவதையா, பழைய தலைப்பாகையையா? ஊர்ப் பெருமையை மூட்டை கட்டி வைக்கச் சொல்லவில்லை. அதையே கேள்வியாக்கினால் நல்ல பத்தி ஒன்று கிடைக்கும்.

இனி எழுதுவது. நீளம் 2,000 சொல்லுக்குள். ஆறேழு பத்தி, ஒவ்வொன்றின் முதல் வாக்கியமும் ஒரு வாதம். சோதனை எளிது: முதல் வாக்கியங்களை மட்டும் வரிசையாக எடுத்துப் படித்தால் முழு வாதமும் தெரிய வேண்டும். 'கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து புறப்பட்டார்' என்று ஒரு பத்தி தொடங்கினால் அந்த இடத்தில் கதைக்குள் வழுக்கிவிட்டீர்கள் என்று பொருள். எதிர்வாதத்துக்கு ஒரு முழுப் பத்தி கொடுங்கள், அதையும் அதன் வலுவான வடிவத்தில். நோஞ்சானை நிறுத்தி அடித்து வீழ்த்தினால் யாரும் மெச்ச மாட்டார்கள். 'பிரபல வரலாற்றாசிரியர் இவர் கூறுகிறார்' என்று ஒரு மேற்கோளைப் போட்டு நகர்ந்துவிடுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். பெரிய பெயர் சொன்னதாலேயே அது சான்றாகிவிடாது. அவர் எதை வைத்துச் சொன்னார் என்பதுதான் தேவை. ஏழு நாளில் நான்கு நாள் வாசிப்பு, அரை நாள் திட்டம், ஒன்றரை நாள் எழுத்து, ஒரு நாள் ஆறப்போட்டுத் திருத்தம் என்று வைத்தால் மூச்சு விடலாம். வாசிப்பை ஆறாம் நாள் இரவு வரை இழுப்பவர்களின் கட்டுரையில் கடைசி இரண்டு பத்தி எப்போதும் நொண்டும்.

டுடோரியலில் என்ன நடக்கும்? கட்டுரையில் நீங்கள் மழுப்பிய இடத்தை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார்கள். மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று நமக்கு வளர்ப்பு. அங்கே மறுக்காமல் தலையாட்டினால்தான் படிக்கவில்லை என்று நினைப்பார்கள். அதற்காக விடாப்பிடியும் வேண்டாம். 'இந்தச் சான்று இருந்தால் என் வாதம் இவ்வளவு தூரம் குறையும், ஆனால் இந்தப் பகுதி நிற்கும்' என்று சொல்லப் பழகுங்கள். வீட்டில் அண்ணனையோ தோழியையோ எதிரில் உட்காரவைத்துப் பத்து நிமிடம் குறுக்குக் கேள்வி கேட்கச் சொன்னாலே பாதிப் பழக்கம் வந்துவிடும்.

விரிஞ்சிபுரம் கல்வெட்டும் காபெட்டும்

வரலாற்றுப் பட்டத்தில் 'காபெட்' என்று ஒரு விடை வகை உண்டு. மூலச் சான்றிலிருந்து ஒரு சிறு துண்டைக் கொடுத்து விளக்கச் சொல்வார்கள். மூன்றாம் ஆண்டின் சிறப்புப் பாடத்தில் ஒரு தாள் முழுக்க இதுதான். பழகாதவர்கள் துண்டைப் பார்த்ததும் அந்தக் காலகட்டத்தைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் கொட்டுவார்கள். எழுத வேண்டியது: இது என்ன ஆவணம், யார், எப்போது, யாருக்காக, இந்தத் துண்டில் இருக்கும் சொற்கள் குறிப்பாக எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டவில்லை. முந்நூறு நானூறு சொல்லில் முடிய வேண்டும்.

பயிற்சிக்கு நம் ஊரில் பொக்கிஷமே இருக்கிறது. 1890-இல் ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் வேலூர், வேலப்பாடி, விரிஞ்சிபுரம் கல்வெட்டுகள் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சாகியிருக்கின்றன. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். விரிஞ்சிபுரம் கோயிலில் உள்ள 1425-ஆம் ஆண்டுக் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். விஜயநகர மன்னர் தேவராயர் காலம். படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்களில் கன்னடிகர், தமிழர், தெலுங்கர், இலாளர் என்ற நான்கு பிரிவினரும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்கிறார்கள்: இனிமேல் திருமணம் கன்னிகாதானமாகத்தான் நடக்க வேண்டும், பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுப்பவரும் பொன் கொடுத்துப் பெண் எடுப்பவரும் அரச தண்டனைக்கு உட்படுவர், சாதிக்கும் புறம்பாவர்.

இங்கே பத்தில் ஒன்பது பேர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'அந்தக் காலத்திலேயே வரதட்சணையை எதிர்த்தார்கள்' என்று எழுதிவிடுவார்கள். பொன் எந்தத் திசையில் போகிறது என்று மறுபடி பாருங்கள். பெண் வீட்டார் வாங்குகிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கிறார்கள். இது பெண்ணுக்குக் கொடுக்கும் விலை. இன்றைய வரதட்சணைக்கு நேர் எதிர்த் திசை. இதைக் கண்டுகொண்டால் காபெட் பாதி முடிந்த மாதிரி. மீதிப் பாதிக்கு: ஒரு வழக்கத்தைத் தடை செய்கிறார்கள் என்றால் அது பரவலாக இருந்திருக்கிறது என்று கொள்ளலாம், ஆனால் தடைக்குப் பிறகு நின்றதா என்பதற்கு இந்தக் கல் சாட்சி இல்லை. நான்கு பிரிவினர் சேர்ந்து செய்ததிலிருந்து விஜயநகரக் காலத்தில் இந்தப் பகுதிக்கு வெளியூர்ப் பிராமணர் வந்து குடியேறியிருந்தது தெரிகிறது. சாதி விலக்கோடு அரச தண்டனையையும் சேர்த்திருக்கிறார்கள்; சபையின் அதிகாரம் மட்டும் போதவில்லையா என்று கேட்கலாம். ஒப்பந்தம் பேசுவது பிராமணரைப் பற்றி மட்டும். மற்றவர் வழக்கம் பற்றி ஒரு சொல் இல்லை. பெண்களைப் பற்றிய ஒப்பந்தத்தில் அந்தப் பெண்களின் குரல் எங்கும் இல்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம், ஆனால் அதோடு நிறுத்திவிட வேண்டும். நீட்டினால் பிரசங்கமாகிவிடும்.

1881-இல் காக்ஸ் தொகுத்த வட ஆற்காடு மாவட்டக் கையேட்டையும் இப்படிப் படிக்கலாம். பாலாறு, ஏரிகள், நிலவரி, சாதி வாரிக் குறிப்புகள் என்று தகவல் குவிந்து கிடக்கும். கலெக்டர் கச்சேரியின் கண்ணால் பார்த்து எழுதியது அது என்பதை மறந்து, அப்படியே தகவலாக எடுத்து ஒட்டினால் முதல் குறுக்குக் கேள்வியிலேயே மாட்டுவீர்கள்.

மூன்றாம் ஆண்டு ஆய்வேடு 12,000 சொல் அளவுக்குள். தமிழ் படிக்கத் தெரிந்த மாணவருக்கு இங்கே பெரிய வசதி இருக்கிறது, ஆனால் தலைப்பை அகலமாக வைத்துக் கெடுப்பவர்கள் அதிகம். 'வேலூர்ப் புரட்சி' ஆய்வேட்டுத் தலைப்பாகாது. விசாரணை வாக்குமூலங்களில் தலைப்பாகையைப் பற்றிச் சிப்பாய்கள் சொன்னது மட்டும் என்று குறுக்கினால் ஆகும். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 'சீக்ரட் சன்ட்ரீஸ்' வரிசையில் 1806 தொடர்பான தொகுதிகள் இருக்கின்றன. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் இருக்கின்றன. எழும்பூருக்குப் போவதானால் கல்லூரியிலிருந்து அறிமுகக் கடிதம், அடையாளச் சான்று எல்லாம் முன்கூட்டியே தயார் செய்யுங்கள். தாளை எடுத்துத் தரவும் நகல் கிடைக்கவும் நாள் பிடிக்கும். இரண்டு நாள் லீவில் போய் முடித்துவிடலாம் என்ற கணக்கு தப்பும்.

விண்ணப்பமும் பணமும்

விண்ணப்பம் யூகாஸ் வழியாக, அதாவது பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பத் தளம். ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கடைசி நாள் அக்டோபர் 15, இங்கிலாந்து நேரம் மாலை 6 மணி. நமக்கு இரவு 10.30. அதாவது கல்லூரியில் சேருவதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே, பிளஸ் டூ காலாண்டுத் தேர்வையொட்டி. பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு யோசிக்கலாம் என்றால் அந்த ஆண்டு போயிற்று. ஒரே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் போட முடியாது. தன்னறிக்கை இப்போது மூன்று கேள்விகளாக, இடைவெளியையும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்து. 'சிறு வயது முதலே வரலாற்றில் ஆர்வம்' என்று தொடங்கும் அறிக்கைகள் அவர்களிடம் மலைபோல் குவிகின்றன. விரிஞ்சிபுரம் கல்வெட்டில் பொன் எந்தப் பக்கம் போனது என்று கவனித்ததை நான்கு வரியில் எழுதினால் அது உங்களுடையது.

சிக்கல் பெரும்பாலும் பள்ளியில்தான் வரும். ஆசிரியர் பரிந்துரையும் எதிர்பார்க்கும் மதிப்பெண்ணும் பள்ளி அனுப்ப வேண்டும். நம் பள்ளிகளில் இது பழக்கமில்லை. நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி 'ஒழுக்கமான மாணவி' என்று நான்கு வரி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வரலாற்று ஆசிரியரிடம் ஜூலையிலேயே போய், உங்கள் எழுத்து ஒன்றைக் கொடுத்து, அதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். பிளஸ் டூ எந்த போர்டு என்பதும் முக்கியம். நாடு வாரியாக ஏற்கும் தகுதிப் பட்டியல் பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கிறது. மாநில போர்டில் படிப்பவர்கள் பதினொன்றாம் வகுப்பிலேயே சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் என்றால் மொத்தம் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் 7.0. நுழைவுத் தேர்வு முறை மாறிக்கொண்டே இருப்பதால் அந்தந்த ஆண்டுக்கான துறைப் பக்கத்தைப் பாருங்கள். முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்து அதிலிருந்து என்ன தெரிகிறது என்று எழுதச் சொல்லும் பழைய வினாத்தாள்கள் எப்படியும் பயிற்சிக்கு உதவும்.

நேர்காணல் டிசம்பரில், இணையவழி. தெரியாததைக் கொடுத்து எப்படி யோசிக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். ஒத்திகைக்கு ஆற்காடு முற்றுகையை எடுங்கள்: 1751-இல் கிளைவோடு உள்ளே மாட்டிக்கொண்ட சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் கஞ்சித் தண்ணீரைக் குடித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அதைப் புகழ் பெறச் செய்தது மெக்காலே 1840-இல் எழுதிய கட்டுரை. கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டு இடைவெளி. யார் சொல்லி அவருக்குத் தெரியும், இந்தக் கதை 1840-இல் யாருக்குப் பிடித்திருக்கும் என்று வாய்விட்டு யோசித்துப் பேசிப் பழகுங்கள். ஆற்காட்டில் இருக்கும் டெல்லி கேட் பக்கம் போய் வந்தால் இடமும் மனதில் பதியும்.

பணத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மாணவருக்குக் கல்விக் கட்டணமே ஆண்டுக்கு 35,000 பவுண்டுக்கு மேல்; ரூபாயில் நாற்பது லட்சத்தைத் தொடும், தங்கும் செலவு தனி. ரோட்ஸ் ஸ்காலர்ஷிப் இருக்கிறதே என்பார்கள். அது பட்டம் முடித்தவர்களுக்கு. பிளஸ் டூ முடித்துப் போகிறவருக்கு ரீச் ஆக்ஸ்ஃபோர்டு போன்று வெகு சில உதவிகளே உண்டு, போட்டி கடுமை. கடன் வாங்கி வரலாற்றில் பி.ஏ. படிக்க இவ்வளவு செலவழிப்பது பெரும்பாலான குடும்பங்களுக்குச் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. இங்கே பி.ஏ. முடித்துவிட்டு முதுகலைக்கு ஸ்காலர்ஷிப்போடு போவது பலருக்கும் நடக்கக்கூடிய வழி.

அந்த வழியில் முதல் படியாக டெல்லிப் பல்கலைக்கழகத்தை நினைப்பவர்களுக்கு: சேர்க்கை க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாக. சரியான விடைக்கு 5, தவறுக்கு 1 கழியும். தமிழிலும் எழுதலாம். செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் கிறித்துவச் சிறுபான்மை இடங்களுக்கு மட்டும் க்யூட் மதிப்பெண்ணுக்கு 85 விழுக்காடும் நேர்காணலுக்கு 15 விழுக்காடும்; மற்றவர்களுக்கு க்யூட் மதிப்பெண் மட்டுமே. வரலாற்றுத் தாள் என்சிஇஆர்டி பன்னிரண்டாம் வகுப்புப் பாடம்: ஹரப்பா முதல் அரசியலமைப்பு உருவானது வரை. நம் மாநில பிளஸ் டூ வரலாறோ தேசிய இயக்கத்தில் தொடங்குகிறது. அதனால் ஹரப்பா, சாஞ்சி, பயணிகளின் குறிப்புகள், பக்தி-சூஃபி, விஜயநகரம் எல்லாம் புதிதாகப் படிக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்று போனவர்கள் மதிப்பெண்ணை அங்கேதான் விடுகிறார்கள். தேர்வைத் தமிழில் எழுதலாம் என்றாலும் வகுப்பு நடப்பது ஆங்கிலத்திலும் இந்தியிலும்.